முருங்கையில் வந்த விருந்து

முருங்கை மரத்தில் பலாக்காய் தொங்கி உங்களில் யாரும் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டேன். சென்ற கார்த்திகை மாதத்தில், நாகர்கோவிலை அடுத்துள்ள எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கண்டேன். நாலைந்து நாள் பெய்த மழை ஓய்ந்து, வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை வேளை. என் மனைவி ஈரத் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். "இங்கே வந்து பாருங்கள்!" என்று அவள் கூவிய குரலில் வியப்பும் அச்சமும் சரிபாதி கலந்திருந்தன.

ஓடிப் போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு மரக்கால் உளுந்தை வானத்தில் வாரி இறைத்து, அது கீழே விழாமல் அந்தரத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஆயிரக்கணக்கான தேனீக்கள்! அவற்றின் இரைச்சல் காதில் விழுந்ததைவிட நெஞ்சில் விழுந்தது என்றே சொல்லவேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுழல் சுருங்கத் தொடங்கியது. கால் மணி நேரத்திற்குள் முருங்கையின் தாழ்ந்த கிளை ஒன்றில் அத்தனையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஒரு சிறு பலாக்காய் அளவில் தொங்கின. முருங்கைக் கிளையின் வலிமை நீங்கள் அறியாததன்று. அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் அது சற்று வளைந்து கொடுத்தது.

தேனீக்கள் பறந்து வந்த வேகத்தைவிடச் செய்தி பறந்த வேகம் மிகுதி. அரை நாழிகையில் தெருவில் பாதிப்பேர் எங்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். "வீடு தேடி வந்த இலட்சுமி" என்றார் ஒருவர். "வீட்டுக்கு ஆகாது" என்றார் இன்னொருவர். குழாயைத் திருகித் தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும் என்றது ஓர் இளைஞர் குரல். கறையானுக்கு மருந்து அடிப்பவரை அழைத்துவிடலாம் என்றது மற்றொரு குரல். இத்தனை பேரில் ஒருவராவது வேலியைத் தாண்டி வந்து, வந்திருப்பது எந்த வகை ஈ என்று பார்த்தாரா என்றால், இல்லை.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். வரும்போதே காய்ந்த தென்னோலைகளைச் சேர்த்துக் கட்டிய சூட்டு ஒன்றைக் கையில் கொண்டு வந்து, எங்கள் சுவரில் சாய்த்து வைத்தார். "தம்பி, பொழுது சாயட்டும். ஒரு சூட்டு போதும். ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும்" என்றார்.

அவர் கொடுமைக்காரர் அல்லர். அவருடைய அச்சத்திற்குக் காரணம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கோயில் திருவிழாவில் வாணவெடிப் புகை பட்டு மலைத்தேனீக்கள் கலைந்து வந்து கூட்டத்தைத் தாக்கின. அவருடைய தம்பியின் உடம்பிலிருந்து மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட கொடுக்குகளை எடுத்தார்களாம். ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். அதைக் கண்ணால் கண்டவரிடம் "அஞ்ச வேண்டாம், அண்ணாச்சி" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அப்போது என் மகள் தன் ஆறு வயதுப் பையனுடன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள் என்பதையும் நான் மறந்துவிடவில்லை.

ஆயினும் அந்தச் சூட்டைப் பார்த்ததும் என் நினைவு வேறிடத்திற்குப் போய்விட்டது.

1964ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்க் கிணற்றங்கரையில் நின்ற புன்னை மரத்தில் இதேபோல் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. என் சித்தப்பா இரவில் மரமேறினார். தேன் பிடிப்பதற்கென்று ஒரு செம்புப் பானையையும் கயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டார். கீழே மண்ணெண்ணெய்ப் புட்டியைச் சுமந்து நின்றவன் நான். சூட்டைக் கொளுத்தி அவர் கையில் கொடுத்தவனும் நானே. எரிந்தபடியே அவை மழைபோல் உதிர்ந்தன. பானை வெறுமையாகக் கீழே வந்தது. ஒரு துளித் தேன் இல்லை. விரல் அகல அடையும் இல்லை. மறுநாள் காலையில் என் பாட்டி அந்தக் கருகிய குவியலைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளும்போது, அதனடியில் சில ஈக்கள் சிறகில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. பாட்டி என்னைத் திட்டவில்லை. "தேனுக்காகவா செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளாக நான் விடை சொல்லவில்லை.

எனவே அண்ணாச்சியிடம் ஒரு நாள் தவணை கேட்டேன். "நாளை மாலைவரை பொறுங்கள். அதற்குப் பின்னும் இங்கேயே இருந்தால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்" என்றேன். அவர் சூட்டை எடுத்துக்கொள்ளாமலே போனார்.

மார்த்தாண்டம் பக்கத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஓர் அம்மையாரிடம் நாங்கள் ஆண்டுதோறும் தேன் வாங்குவது வழக்கம். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். "ஐயா, அடை ஏதாவது தெரிகிறதா, வெறும் ஈ மட்டும் தொங்குகிறதா? ஈ எவ்வளவு பெரிது? யாராவது கல்லெறிந்தார்களா?" என் விடைகளைக் கேட்டுவிட்டு, "நாளை நண்பகலுக்குப் பெட்டியோடு வருகிறேன். அதுவரை ஒன்றும் செய்யாதீர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதில் பெரிய வேலை" என்றார்.

அந்த மூன்று கேள்விகளில் எல்லாம் அடங்கியிருக்கின்றன, நேயர்களே. நம் நாட்டில் தேனீக்களில் பல வகை உண்டு. மலைத்தேனீ உருவிற் பெரியது. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் மாடிக் கட்டடங்களின் விளிம்பிலும் ஒரே ஓர் அகன்ற அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். சினம் மிக்கது, துரத்தி வந்து கொட்டும். அண்ணாச்சியின் தம்பி பட்டது இதனிடம்தான். கொம்புத்தேனீ மிகச் சிறியது. புதரிலும் கிளையிலும் உள்ளங்கை அளவில் ஓர் அடை கட்டும். கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கே இல்லை. இவற்றிற்கு இடைப்பட்டது, மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டி வாழும் அடுக்குத்தேனீ. பெட்டியில் வளர்க்க இசைந்தது இது. எங்கள் முருங்கையில் வந்து தங்கியதும் இதுவே.

பொந்தில் வாழும் ஈ ஏன் கிளையில் வந்து தொங்கவேண்டும்? அது குடும்பம் பிரியும் செய்தி. பூவும் மகரந்தமும் மிகுந்து கூட்டில் இடம் போதாமல் போகும் காலத்தில், பணித்தேனீக்கள் புதிய ராணிகளை வளர்க்கத் தொடங்குகின்றன. மனிதக் குடும்பத்தில் பாகம் பிரியும்போது பிள்ளைகள் வெளியேறுவார்கள். பழைய வீடு பெற்றோருக்கு. தேனீயின் வழக்கம் நேர்மாறானது. புதிய ராணி அறையை விட்டு வெளிவருமுன், பழைய ராணி, கட்டிய வீட்டையும் சேர்த்த தேனையும் மகளுக்கு விட்டுவிட்டுக் கூட்டத்தில் பெரும் பகுதியோடு புறப்பட்டுவிடுகிறாள். உடன் செல்பவை வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொண்டு கிளம்புகின்றன. வழிக்குக் கட்டுச்சோறு அவ்வளவுதான்.

பக்கத்தில் ஏதேனும் ஒரு கிளையில் இறங்கித் தங்குவது, புது வீடு முடிவாகும் வரைக்கும்தான். அங்கே காப்பதற்கு அடையில்லை, குஞ்சில்லை, தேனில்லை. காக்க ஒன்றும் இல்லாதவன் எதற்காகச் சண்டையிடப்போகிறான்? ஆதலால் இந்த நிலையிலுள்ள கூட்டம், தானாக வம்புக்கு வருவது அரிது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அது போய்விடும். என் சித்தப்பாவின் பானை வெறுமையாக வந்த காரணமும் இதுவே. நாங்கள் எரித்தது ஒரு தேன்கூட்டை அன்று. வீடு தேடி வழியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தை.

அன்று பகல் முழுவதும் இருபதடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேரன் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தான். பிற்பகலில், தொங்கும் கூட்டத்தின் மேற்பரப்பில் சில ஈக்கள் மட்டும் வயிற்றை அசைத்து அசைத்துச் சிறிது தூரம் நேராக ஓடுவதும், திரும்பி வந்து மறுபடி ஓடுவதுமாக இருப்பதைக் கண்டேன். தோழிகளின் முதுகே அவற்றிற்கு ஆடரங்கு. இந்த ஆட்டத்தின் பொருளை உலகிற்கு விளக்கியவர் காரல் ஃபான் ஃபிரிஷ் என்ற அறிஞர். ஓட்டத்தின் சாய்வு, சூரியனை வைத்துத் திசையைச் சொல்கிறது. ஓட்டத்தின் நீளம் தொலைவைச் சொல்கிறது. 1973ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர்.

அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர், 1949ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் இதுபோல் தொங்கிய கூட்டம் ஒன்றில் ஆடும் ஈக்களைக் கண்டார். அவற்றின் உடம்பில் பூவின் மகரந்தம் இல்லை. சில புகைக்கரியில் தோய்ந்திருந்தன. சில செங்கல் தூளில் புரண்டிருந்தன. போரில் இடிந்துகிடந்த நகரம் அது. இவை உணவு தேடிப் போனவை அல்ல, புகைபோக்கியிலும் இடிந்த சுவரிலும் வீடு தேடிப் போனவை என்று அவர் உணர்ந்தார். பிறகு அவர் இலங்கைக்கு வந்து, நம் பக்கத்துத் தேனீக்களின் ஆட்டத்தையும் ஆராய்ந்தார்.

அவர் வழியில் அமெரிக்க அறிஞர் தாமஸ் சீலி பல ஆண்டுகள் ஐரோப்பியத் தேனீயை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். அவர் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் என் மனத்தில் தைத்தன. புது வீட்டை ராணி தேர்ந்தெடுப்பதில்லை. சில நூறு முதிய ஈக்கள் சாரணர்களாகப் போய்த் தேடுகின்றன. நல்ல பொந்தைக் கண்டவள் நெடுநேரம் ஆடுகிறாள். சுமாரான பொந்தைக் கண்டவள் சிறிது நேரமே ஆடுகிறாள். ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்தவள், அதை நம்பி உடனே தானும் ஆடத் தொடங்குவதில்லை. தானே பறந்து போய், அந்தப் பொந்தின் உள்ளே நடந்து, நேரில் பார்த்து வந்த பிறகே ஆடுகிறாள். இது முதற் செய்தி. இரண்டாவது, எவ்வளவு நல்ல இடத்தைக் கண்டவளும் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் தன் ஆட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, முடிவில் நிறுத்திவிடுகிறாள். தன் கட்சியே வெல்லவேண்டும் என்ற பிடிவாதம் அங்கே இல்லை. ஓரிடத்தில் இருபது முப்பது சாரணர்கள் ஒரே வேளையில் கூடிவிட்டால், முடிவு ஏற்பட்டுவிட்டது என்பது பொருள்.

காலையில் எங்கள் வேலியோரம் நடந்த பேச்சை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் உடனே உரக்கச் சொன்னார். போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 1964ஆம் ஆண்டுப் புன்னை மரத்தடியிலும் அப்படியேதான்.

இரவு மழை பிடித்துக்கொண்டது. எனக்கு உறக்கம் வரவில்லை. மழையில் நெடுநேரம் நனைந்து பசித்த கூட்டம் சற்றே சிடுசிடுப்புக் கொள்ளும் என்று அந்த அம்மையார் சொல்லியிருந்தார். நள்ளிரவுக்குமேல் பின்புறத்தில் ஒரு வெளிச்சம் அசைந்தது. சுவரில் சாய்த்திருந்த சூட்டு என் நினைவுக்கு வந்தது. நெஞ்சு திடுக்கிட, குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை. மறு கையில் மின்விளக்கு. சூட்டு வைத்த இடத்திலேயே நனைந்து கிடந்தது.

"நனைகின்றனவே, தம்பி" என்றார் அவர்.

வெளிப்புறத்து ஈக்கள் தலையை மேலே வைத்துச் சிறகுகளை ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கியிருந்தன. மழைநீர் அவற்றின்மேல் வழிந்து நுனியில் சொட்டியது. உள்ளே இருந்தவை நனைந்ததாகத் தெரியவில்லை. "வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள், அண்ணாச்சி. அவை கலையும்" என்றேன். அவர் அணைத்தார். இருட்டில் சிறிது நேரம் இருவரும் பேசாமல் நின்றோம்.

மறுநாள் காலை இரண்டு நாற்காலிகள் போட்டேன். எட்டு மணிக்கு வெயில் வந்தது; ஆட்டமும் தொடங்கியது. முதலில் மேற்கே மலைப்பக்கம் ஒரு கட்சியும், கிழக்கே ஒரு கட்சியுமாக ஆடின. பத்து மணிக்குமேல் மேற்குக் கட்சி மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஏறக்குறைய எல்லா ஆட்டமும் கிழக்கையே காட்டின. "முடிவாகிவிட்டது போலிருக்கிறதே!" என்றார் அண்ணாச்சி, ஊராட்சித் தேர்தல் முடிவைச் சொல்பவர்போல. கூட்டத்திற்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி எழுந்தது. பறப்பதற்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும்படி சாரணர்கள் மற்றவற்றை முடுக்கும் ஒலி அது. பிறகு, பழுத்த பழம் உதிர்வதுபோல அந்தப் பலாக்காய் அப்படியே கலைந்தது. ஒரு நிமிடத்தில் முருங்கைக் கிளை நிமிர்ந்துகொண்டது. உளுந்து மேகம் அண்ணாச்சியின் வீட்டுக் கூரைக்கு மேலாகக் கிழக்கே போயிற்று. சன்னலுக்குப் பின்னால் பேரன் கைதட்டினான்.

அரை மணி கழித்து அந்த அம்மையார் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வழியில் பேருந்து தாமதம். வெறுங்கிளையைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் சிறிது வருத்தமும் இருந்தது. 1991, 1992 ஆண்டுகளில் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் ஒரு நச்சுயிரி நோய் பரவி, அடுக்குத்தேனீயின் புழுக்களை அறையிலேயே அழித்தது. பெரும்பாலான பெட்டிகள் வெறுமையாயின. "அப்பாவிடம் முப்பது பெட்டி இருந்தது, ஐயா. ஒரே ஆண்டில் எல்லாம் போயிற்று. பிறகு காட்டிலும் கிணற்றுச் சுவரிலும் நோய்க்குத் தப்பிக் கிடந்த கூட்டங்களைத் தேடிப் பிடித்து வந்துதான் மறுபடி தொடங்கினோம். அன்றைக்கு ஒரு கூட்டம் கிடைப்பது ஒரு பசுமாடு கிடைப்பது போல" என்றார். திருச்சிராப்பள்ளிப் புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் அடிகளார், 1911க்கும் 1917க்கும் இடையில், நம் நாட்டுத் தேனீக்கேற்ற பெட்டியைச் செய்து ஊர்மக்களுக்குப் பயிற்சி தந்தார். அதன்பின் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிலையம் இந்தத் தொழிலைப் பரப்பியது. அத்தனை பேர் உழைப்பும் ஒரு காலத்தில், யாரும் எரிக்காமல் விட்டுவைத்த சில கூட்டங்களை நம்பியே மீண்டும் தலையெடுத்தது.

நேயர்களே, உங்கள் வீட்டருகிலும் ஒரு நாள் இத்தகைய விருந்து வரலாம். அப்போது கல், புகை, தண்ணீர், மண்ணெண்ணெய் எதையும் நாடாதீர்கள். குழந்தைகளையும் கட்டிய கால்நடைகளையும் தொலைவில் நிறுத்துங்கள். அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்தி, இரவில் விளக்கை அணையுங்கள். தொலைவிலிருந்தே நன்றாகப் பாருங்கள். அடையில்லாமல் தொங்கும் சிறிய ஈயாயின் ஓரிரு நாள் பொறுங்கள். அருகில் தேனீ வளர்ப்பவர் இருந்தால் சொல்லியனுப்புங்கள். பெரிய ஈ, பெரிய ஒற்றை அடை என்றால் நீங்கள் நெருங்க வேண்டாம். தீயணைப்பு, மீட்புப் பணியினருக்கு 101 என்ற எண்ணில் சொல்லுங்கள். சுவருக்குள் குடியேறிவிட்ட கூட்டத்திற்கு நஞ்சு அடிக்காதீர்கள்; உள்ளே செத்த ஈயும் தேனும் அழுகும்; நஞ்சேறிய தேனை வேறு ஈக்கள் வந்து எடுத்துப் போகும்.

தவறிக் கொட்டிவிட்டால், கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அவ்விடம் விட்டு அகலுங்கள். கொட்டிய இடத்தில் எழும் மணம் மற்ற ஈக்களையும் அழைக்கும். முகம் வீங்கினாலோ, உடம்பு தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ, ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிலருக்கு ஒரே கொட்டு உயிருக்கு ஆபத்தாகும். அத்தகையவர் வீட்டில் இருந்தால், பொறுத்திருப்பது அறமன்று; அறிந்தவரை உடனே அழைப்பதே அறம். அண்ணாச்சியின் அச்சம் வீண் அச்சமன்று என்று நான் சொன்னதன் பொருள் இதுவே.

அந்த அம்மையார் தம் பெட்டியைத் திருப்பி எடுத்துச் செல்லவில்லை. உள்ளே பழைய அடையின் துண்டொன்றை ஒட்டி, எங்கள் மதில் மூலையில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார். மூன்று மாதங்களாக அது வெறுமையாகவே இருக்கிறது. நனைந்த சூட்டை அண்ணாச்சியே பிரித்து வெந்நீர் அடுப்புக்கு விறகாக்கிவிட்டார். ஆனால் நாள்தோறும் காலையில் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, "வந்ததா, தம்பி?" என்று கேட்பதை மட்டும் அவர் விடவில்லை.

நேற்று மாலை ஒரே ஓர் ஈ வந்தது. பெட்டியின் வாயிலுக்கு முன் சிறிது நேரம் மிதந்து நின்றது. பிறகு உள்ளே நுழைந்தது. நெடுநேரம் வெளிவரவில்லை. உள்ளே சுவர் சுவராக நடந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். வெளியே வந்து, பெட்டியைச் சுற்றி ஒரு முறை பறந்து, கிழக்கே போயிற்று. பார்த்ததைப் போய்ச் சொல்லும். கேட்டவர்கள் நம்பிவிடமாட்டார்கள், தாமே வந்து பார்ப்பார்கள்.

நாங்கள் காத்திருக்கிறோம்.